மேற்கு அறைக்கு என்ன நிறம்

பெயிண்டர் திருப்பதி இன்னும் டப்பாவைத் திறக்கவில்லை. வாசற்படியில் நின்றபடி பிரகதீஸ்வரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காதில் போன். சிங்கப்பூரிலிருந்து கணவன் ரத்தினவேல்.

"ப்ளூதான் அடிக்கணும்னு சொன்னேன்ல. மேக்குப் பாத்த ரூமு. சாயங்கால வெயில்ல அடுப்பு மாதிரி கொதிக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்க வேணாமா?"

"இப்ப வெயிலே வாரதில்லைங்க. பக்கத்து வீட்டுக்காரவுக மாடி கட்டி மறைச்சுட்டாக. பட்டப்பகல்ல லைட்டு போட்டுத்தான் துணி மடிக்கிறேன். இதுல நீலத்தையும் அடிச்சா கெணத்துக்குள்ள கெடக்குற மாதிரி இருக்கும். சந்தன மஞ்சள் வாங்கியாச்சு."

"யாரைக் கேட்டு வாங்குன?"

அவன் இப்படிக் கேட்டதே இல்லை. மோட்டார் மாற்றியபோதும், மகளைத் திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டைப் பள்ளிக்கு மாற்றியபோதும், "ஒனக்கு எது சரியோ செய்யி" என்றுதான் சொன்னான். இப்போது ஒரு சுவருக்காக நாலைந்து நாளாகச் சண்டை. நேற்று பேச்சு முற்றி, பாதியில் போனை வைத்துவிட்டான்.

பெயிண்டர் காதில் விழவேண்டாமென்று அவள் கொல்லைப் பக்கம் போனாள்.

"வருசத்துல ஒரு மாசம் தங்குறவுகளுக்கு இம்புட்டுப் பிடிவாதம் எதுக்கு? மிச்ச நாளெல்லாம் அதுல கெடக்குறவ நானு."

சொன்ன பிறகுதான் அது அதிகமோ என்று தோன்றியது.

"இனிமே நானும் அதுலதான் கெடக்கணும்," என்றான் ரத்தினவேல். "வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்க. அடுத்த மாசம் வாரேன். திரும்பிப் போறதுக்கு இல்லை."

"எப்பத் தெரியும்?"

"போன வாரமே. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பெயிண்டைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்துட்டேன்."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கோபம் போன இடத்தில் பயம் வந்திருந்தது. வேலை போனது மட்டுமல்ல. இத்தனை வருடம் தனியாகவே வீட்டை நடத்திப் பழகியவள். இனி ஒவ்வொன்றுக்கும் இவன் கேள்வி கேட்பானோ?

"சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"மொதல்ல சாப்பிடுங்க. பொழப்பை வந்து பாத்துக்கலாம். ஆனா ரூமு மஞ்சள்தான். யாரைக் கேட்டுன்னு மட்டும் இன்னொரு தடவை கேக்காதீங்க."

"கேக்கலை," என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "மஞ்சளையே அடிங்கண்ணே," என்று திருப்பதியிடம் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். பள்ளிக்கூட வேன் வருகிற நேரம். அப்பா வருவதையா, வேலை போனதையா, மகளிடம் எதை முதலில் சொல்வதென்று அவளுக்குப் புரியவில்லை.