எத்தனை நாளா இப்படி?

குடும்பத்தில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். வைத்தது புருஷன், பரப்பியது தம்பி. கடைக்காரர் மனசு வந்து ஒரு தக்காளி கூடப் போட்டால், அதில் அழுகல் எது என்று அங்கேயே பையைக் கவிழ்த்துப் பார்க்கிற பிறவி. அப்பேர்ப்பட்டவளிடம் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிவைத்து, "எண்பத்தெட்டு சதவீதம்" என்றால் விடுவாளா?

"எது எண்பத்தெட்டு?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க தம்பிக்கு நல்ல பார்வை திரும்பறதுக்கான வாய்ப்பு. விழித்திரை நடுவுல ஒரு ஓட்டை விழுந்திருக்கு, அதை அடைக்கணும். ரிசல்ட் எப்படி வரும்னு இந்த ஏ.ஐ. முன்னாடியே கணிச்சுச் சொல்லும்."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஆயிரக்கணக்கான கண்ணைப் பாத்துப் பழகியிருக்கு."

"என் தம்பி கண்ணைப் பாத்திருக்கா?"

தம்பி மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். அவன் சலூன் வைத்திருக்கிறவன். எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் "ஆமாங்க" போடுவது அவன் தொழிலோடு ஒட்டிக்கொண்ட குணம். பள்ளிக்கூட நாளில் பந்து பட்டு இடது கண் போய்விட்டது. மிச்சம் இந்த வலது கண் ஒன்றுதான். அதை நம்பித்தான் கத்தியும் கத்தரியும். ஆபரேஷன் ஏடாகூடமானால் ஓரத்தில் தெரிகிற கொஞ்சநஞ்சமும் போய்விடலாம் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார்.

வெளியே காத்திருந்தவர்களையும் அவள் விடவில்லை. "உங்களுக்கு எவ்வளவு சொல்லிச்சு?" என்று வரிசையாகக் கேட்டாள். ஒருவருக்கு அறுபது, ஒரு டீச்சருக்குத் தொண்ணூற்று மூன்று. எல்லாருக்கும் ஒரே எண்ணைச் சொல்லி ஆள் பிடிக்கிறார்கள் என்ற அவளுடைய கணக்கு அங்கே தப்பாகிப்போனது. அதற்காகச் சந்தேகம் தீர்ந்துவிடுமா என்ன?

"எங்கேயோ உதைக்குதுடா," என்றாள்.

"உனக்கு எதுதான் உதைக்கல?" என்றான் தம்பி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு சலூனுக்குப் போனவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஒருவருக்கு முடிவெட்டிக்கொண்டிருந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூக்கு சுவரைப் பார்க்க, ஓரக்கண்ணால் கத்தரியை ஓட்டினான். விரல் முதலில் போய்த் தடவிப் பார்த்தது, கத்தரி அதற்குப் பிறகுதான் போனது. தடுமாற்றமே இல்லை. பார்வை மங்கி இரண்டு மாதம் என்றல்லவா கணக்கு? அதற்குள் வருகிற பழக்கமா இது?

வெட்டிக்கொண்டு வெளியே வந்தவரை வழிமறித்தாள். "எப்பவும் இப்படித்தான் தலையைச் சாய்ச்சு வெட்டுவாரா?"

"போன வருஷத்துலேர்ந்தே இப்படித்தாங்க. புது ஸ்டைலுன்னு நெனச்சோம்," என்று அவர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாள் நர்ஸ், "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டபோது, தம்பி வாயைத் திறப்பதற்குள் அவள்தான் முந்திக்கொண்டாள். "ரெண்டு மாசமா. எங்கிட்ட இவன் எதையும் மறைக்க மாட்டான்." தம்பி தலையை ஆட்டினான். நர்ஸ் அதையே மிஷினில் ஏற்றினாள். டாக்டரைச் சந்தேகப்பட்டாள், மிஷினைச் சந்தேகப்பட்டாள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனை மட்டும் விட்டுவிட்டாள். மகா துப்பறிவாளி!

உள்ளே போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "ஒரு வருஷமாடா?"

அவன் கத்தரியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "உன்கிட்ட சொன்னா அன்னிக்கே கடையை மூடச் சொல்லுவே. கடையை மூடிட்டு நான் எங்கே போறது?"

"அதுக்காக மிஷின்கிட்டயுமா பொய் சொல்றது?"

"நீதானே சொன்னே, அக்கா. நான் தலையைத்தானே ஆட்டினேன்."

அன்று சாயங்காலமே அவனை இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொல்லவைத்தாள். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "ஓட்டை எவ்வளவு பெருசுன்னு ஸ்கேன் காட்டிடும். எவ்வளவு பழசுங்கறதை நீங்கதான் சொல்லணும், பழசாக ஆகப் பார்வை திரும்பறது கஷ்டம். நானும் இன்னும் துருவிக் கேட்டிருக்கணும்," என்று மாதத்தைத் திருத்தினார். திரையில் எண் மாறியது. நாற்பத்தொன்று.

தம்பி படியிறங்கும்போது வெடித்தான். "எண்பத்தெட்டுன்னு இருந்தப்ப தைரியமா இருந்தேன். ஏன் அக்கா நோண்டினே?"

நோண்டாமல் இருந்தாலும் கண் அதே கண்தான், எண்தான் பொய். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எதையோ தட்டிப் பறித்துவிட்டதுபோல உள்ளுக்குள் அறுத்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவனே சொன்னான். "பண்ணிக்கறேன். ஓரக்கண்ணால எத்தனை நாளைக்கு ஓட்டறது? என்னிக்காவது ஒருத்தர் காதை வெட்டிடுவேன்."

ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் அடைத்த வாயுக்குமிழி ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று அவனைக் குப்புறவே கிடக்கச் சொன்னார்கள். அவன் தரையைப் பார்த்துக் கிடந்தான், அவள் அவன் பிடரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குமிழி முழுக்கக் கரைந்தபின் போனபோது, ஓட்டை அடைபட்டுவிட்டது, பார்வை மெதுவாகத்தான் தெளியும், எவ்வளவு தெளியும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் சி.ஐ.டி. தன் பரீட்சையை ஆரம்பித்தாள். அவனை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, எதிரே மூன்று விரலை நீட்டினாள்.

"எத்தனை?"

அவன் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. சலூனில் பார்த்த அதே சாய்வு. "மூணு," என்று சொல்லப்போகிறான், தானும் தலையை ஆட்டப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பாதியில் அவன் நிறுத்தினான். தலையை நிமிர்த்தி, அவள் கைக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தான். வெகுநேரம் பார்த்தான்.

"கை தெரியுது. விரல் தெரியல, அக்கா," என்றான். "இன்னும் தெரியல."

அவள் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நீட்டிய கையால் அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"சரி," என்றாள். "நாளைக்குக் கேக்கறேன்."