கெலேபி வீட்டுத் திமிங்கிலப் பல்

"மதினி, உங்க கேஸ் நடந்தப்போ கோர்ட்ல உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"பேரு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உக்காரச் சொன்னாங்க."

தொரிகா சிரிக்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. "செரு அண்ணனை விட்டுடலாமான்னு உங்கள ஒரு வார்த்தை கேக்கலையா?"

"அதுக்குத்தான் ஆம்பளைங்க அத்தனை பேர் இருந்தாங்களே. என்னடி நீ, போலீஸ்காரி மாதிரி? துருவு, பால் பிழியணும்."

மூன்று மாதங்களுக்கு முன், சமையல் கொட்டகையில் நடந்த பேச்சு இது. தம்பி மனைவி ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று உனாயிசிக்குத் தெரியாமல் இல்லை. துருவும் கையின் முழங்கைக்கு மேலே நான்கு விரல் அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்ததை அவள் பார்த்தாள். அவளுக்குப் பார்வை ஒரு கண்ணில்தான்; அந்த ஒரு கண்ணாலேயே நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மரவள்ளித் தோல் கிடந்த வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

இப்போது தொரிகா ஆற்றுக்கு அக்கரையில் தன் தகப்பன் வீட்டில் படுத்திருந்தாள். மீன் கருகிவிட்டது என்று அவள் புருஷன் மனோவா துடுப்பை எடுத்து அடித்ததில் தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. தாடையைக் கம்பியால் கட்டி அனுப்பியிருந்தார்கள். இன்னும் ஐந்து வாரம் கஞ்சித் தண்ணீர்தான், பேச்சு கிடையாது. மனோவா ஜாமீனில் வீட்டில் இருந்தான். வெள்ளிக்கிழமை கேஸ்.

புதன்கிழமை காலையில் உனாயிசியின் அப்பா கெலேபி அவள் முன்னால் வந்து நின்றார். சட்டையை இடுப்பு வேட்டிக்குள் செருகியிருந்தார். சர்ச்சுக்கும் துக்க வீட்டுக்கும் மட்டும் போடுகிற சட்டை.

"அந்தப் பெட்டியத் திற, உனா."

உனாயிசி அசையவில்லை. "எதுக்குப்பா?"

"எதுக்குன்னு தெரியாதா உனக்கு? வக்கீல் சொல்லிட்டாரு. ரெண்டு வீடும் சமாதானம் ஆயிட்டா மாஜிஸ்ட்ரேட் மனசு இளகும். இல்லைன்னா உன் தம்பிக்கு மூணு வருஷம் ஜெயில்."

பெட்டி அவள் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. உள்ளே பாய்களுக்குக் கீழே, பழைய பிளானல் துணியில் சுற்றி, ஒரு சாண் நீளத் திமிங்கிலப் பல். எண்ணெய் பூசிப் பூசிக் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு முனையிலும் கோர்த்த தென்னை நார்க் கயிறு. நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். பெண் கேட்பதற்கும், சாவுக்கும், செய்த தப்புக்கும் அந்தத் தீவில் அவர்கள் ஆட்கள் எடுத்துப் போவது அதைத்தான். நீட்டியவன் கையிலிருந்து அதை வாங்கிவிட்டால் தப்பு புதைக்கப்பட்டது. வாங்கியவன் வீட்டில் அந்தப் பேச்சு பிறகு எழக்கூடாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் செருவின் ஆட்கள் இதே பல்லோடு, பாய்களும் மண்ணெண்ணெய் பீப்பாயும் சுமந்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தார்கள். கெலேபி வாங்கிக்கொண்டார். செரு அடித்ததில் உனாயிசி அப்போது ஆஸ்பத்திரியில் இடது கண்ணில் கட்டோடு கிடந்தாள். மறுநாள் அம்மா அலுமிதா இலையில் பொதிந்து பன்றிக்கறி கொண்டுவந்தாள்.

"எதுக்கும்மா இன்னைக்குப் பன்னிக்கறி?"

"நேத்து அவங்க வந்துட்டுப் போனாங்க. எல்லாம் முடிஞ்சது. நீ சாப்பிடு."

புருஷனை மன்னித்துவிட்டோம் என்பதை உனாயிசி இப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் இரு குடும்பங்களின் பெருந்தன்மையைப் பாராட்டினார். இரண்டு வருஷத் தண்டனை. ஆனால் ஒழுங்காக நடந்துகொண்டால் உள்ளே போக வேண்டியதில்லை. அன்று காலை அதே நாற்காலியிலிருந்து அவர் ஒரு கன்றுக்குட்டித் திருடனுக்கு எட்டு மாதம் போட்டிருந்தார். கன்றின் சொந்தக்காரர் கரும்புத் தோட்டத்து இந்தியர். அவர் வீட்டுக்கு யாரும் பல் கொண்டு போகவில்லை.

ஊருக்குத் திரும்ப ஒரே பஸ். செரு அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் திரும்பி, "வெயில் அடிக்குதா? படுதாவ எறக்கி விடவா?" என்று கேட்டான். குரலில் ஒரு உறுத்தலும் இல்லை. மூன்று மாதத்தில் அவன் லம்பாசா டவுனுக்குப் போய் வேறொருத்தியோடு குடியிருந்தான். அடுத்த வருஷம் அவளுக்குக் கை ஒடிந்ததாகக் கேள்வி. அங்கேயும் யாராவது ஒரு பல்லை எடுத்துப் போயிருப்பார்கள்.

கேஸ் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் உனாயிசியை எழுந்து நிற்கச் சொன்னார். மன்னிப்பு எப்படி இருக்கும் என்று இந்தப் பெண்ணைப் பாருங்கள் என்றார். அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு "மன்னிச்சவ" என்று பெயர். கல்யாணங்களில் முன்வரிசைப் பாயில் இடம் விட்டார்கள், மீனில் தலைப்பகுதியைக் கொடுத்தார்கள். அவள் யாரையும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயரில் ஒரு சின்னச் சுகம் இருந்தது, அதை அனுபவித்தாள். குழாயடிக்கு வாளியைத் தூக்கிப் போனவளும் அந்த மன்னிச்சவதான். இப்போது அதை நினைக்கும்போது உடம்பு கூசியது.

"ஏங்க, டவுன்ல அடகுக் கடையில வேற பல்லு கிடைக்குமே," என்றாள் அலுமிதா, வாசற்படியிலிருந்து மெல்ல. "இது வந்து... இது அவளோடது இல்லையா?"

"அவளோடது என்ன அவளோடது! வீட்டோடது. அவங்க இன்னைக்கு மத்தியானம் வரச் சொல்லியிருக்காங்க. டவுனுக்குப் போய் பேரம் பேசிக்கிட்டு நிக்கச் சொல்றியா?" கெலேபியின் குரல் உடனே தணிந்தது. "உனா, நீயும் கூட வரணும். நீ வந்தா தொரிகா அப்பா இனோகே மனசு இறங்கும். அவ்வளவு நடந்தும் மன்னிச்சவ நீ. உன் முகத்தப் பாத்தா அவங்களுக்கு வேற பேச்சு வராது."

அவர் கெட்டவர் அல்ல. அவள் கண்ணுக்காக மாட்டை விற்றுத் தலைநகர் சுவாவில் பெரிய டாக்டரிடம் காட்டியவர். ஆறு வருஷமாக அவள் இடது பக்கம் உட்காராமல், அவளுக்குத் தெரிகிற பக்கமாகவே வந்து உட்காருகிறவர். அதனால்தான் அவரிடம் எதையும் கேட்க முடியாமல் போனது.

மனோவா பின்கட்டிலிருந்து வந்தான். குனிந்தபடி, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை அவனே இழுத்துக் கொடுத்தான். தேற்றுகிற மாதிரி அக்காவின் தோளைத் தொட்டான்.

"பயப்படாதக்கா. ஜெயிலெல்லாம் இருக்காது. செரு மச்சானுக்கே ஒண்ணும் ஆகலையே."

அவன் அப்போது பதினெட்டு வயதுப் பையன். பல் வாங்கிய அன்று செருவுக்கு யங்கோனா வேர்ப்பானம் கரைத்து ஊற்றிக் கொடுத்தவன் அவன்தான். அதை அவன் மறக்கவில்லை. உனாயிசி துணிப்பொட்டலத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். பாய்களை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் படகில் அக்கரைக்குப் போனார்கள். கெலேபி பொட்டலத்தை மடியில் வைத்திருந்தார். ஒருமுறை பிரித்துப் பார்த்தார். பெயர்ந்த சில்லைக் கட்டைவிரலால் தடவினார். மகள் பார்ப்பதைக் கண்டதும் துணியை மூடிவிட்டு ஆற்றைப் பார்த்தார்.

இனோகே வீட்டில் ஆண்கள் மேற்புறம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் குனிந்து உள்ளே போய்க் கீழ்ப்பக்கம் உட்கார்ந்தார்கள். பெண்களுக்கு இடம் கதவோரம். உள்ளறைக்குப் பூப்போட்ட திரை தொங்கியது. திரைக்கடியில், தரையில், ஒரு அலுமினியக் கிண்ணமும் அதில் ஒரு உறிஞ்சு குழாயும் தெரிந்தன. அதற்கு அப்பால் இரண்டு வெறும் பாதங்கள்.

பாயை இறக்கி வைத்த உனாயிசியைப் பார்த்து இனோகேயின் தம்பி சொன்னார்: "மன்னிச்சவளும் வந்திருக்கா. நல்லதாப் போச்சு." வரிசையில் தலைகள் அசைந்தன. திரைக்கடியில் இருந்த பாதங்கள் பின்னுக்கு இழுத்துக்கொண்டன.

கெலேபி இரண்டு கையாலும் பல்லை ஏந்திக்கொண்டு பேசத் தொடங்கினார். ஊரில் பல் ஏந்திப் பேச அவரை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். இன்று தடுமாறினார்.

"சம்பந்தி, தலை குனிஞ்சு வந்திருக்கோம். எங்க பையன் செஞ்சதுக்கு... உங்க வீட்டுப் பொண்ணு... எங்க வீட்டுப் பொண்ணு..." நிறுத்தினார். "எங்க முகத்துல மண்ணு. இத வாங்கிக்கிட்டு எல்லாத்தையும் புதைச்சிடுங்க."

இனோகே குனிந்தே இருந்தார். அழுத முகம். மகளின் தாடைக்கு யாரையாவது கொன்றுபோடலாம் என்று இருக்கிற முகம். ஆனால் ஊர் பார்க்கிறது. பல்லை வாங்காமல் திருப்பி அனுப்பிய குடும்பம் என்று மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். அவர் மெல்ல முன்னால் நகர்ந்து, கைகளை நீட்டினார். அவர் வாங்கியதும் வழக்கப்படி கைதட்டுவதற்காக எல்லோரும் உள்ளங்கையைக் குவித்தார்கள்.

"மாமா, அதத் தொடாதீங்க."

யார் குரல் என்று ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. கதவோரத்துப் பெண்கள் விலகினார்கள். உனாயிசி எழுந்து நின்றிருந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது அந்த வீட்டில் ஒரு பெண் நிற்பதே மரியாதைக் குறைவு.

"உக்காரு உனா," என்றார் கெலேபி திரும்பாமலே.

"வெளிய கூட்டிட்டுப் போங்கய்யா அந்தப் பொம்பளைய. பல்லு கையில இருக்கும்போது குறுக்கப் பேசறதா?" என்றார் இனோகேயின் தம்பி.

"சித்தப்பா, இந்தப் பல்லப் பத்தி உங்க எல்லாரையும் விட எனக்கு அதிகம் தெரியும்," என்றாள் உனாயிசி. குரல் உயரவில்லை. "நுனியில சில்லு போயிருக்கும், பாருங்க. ஆறு வருஷமா என் கட்டிலுக்கு அடியில இருக்கு. என் கண்ணுக்காக வந்தது இது. இன்னைக்கு அவ தாடைக்கு வந்திருக்கு. நாளைக்கு உங்க வீட்டுப் பையன் எவனாவது கை நீட்டினா இங்கேருந்து வேற வீட்டுக்குப் போகும்."

இனோகேயின் கண் பல்லின் நுனிக்குப் போனது. நீட்டிய கைகள் அப்படியே நின்றன. மனோவா தரைப்பாயின் ஒரு நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

கெலேபி இப்போது திரும்பினார். பழக்கம் விடாமல், அவளுக்குத் தெரிகிற பக்கமாகவே திரும்பினார். "என்ன அசிங்கம்மா இது," என்றார் மெதுவாக. "நாலு பேர் முன்னாடி... நீ மன்னிச்சவ இல்லையா?"

"நான் யாரையும் மன்னிக்கலப்பா. பன்னிக்கறிதான் சாப்பிட்டேன்."

திரைக்கு அப்பால் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்து உருண்டது. யாரும் போய் எடுக்கவில்லை.

உனாயிசிக்கு அழுகை வந்தது. அதை விழுங்கினாள், குழாயடிக்குப் போன அன்று விழுங்கியது போல இல்லை, பேசுவதற்காக விழுங்கினாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்பா. கேப்பீங்கன்னு ஆறு வருஷம் இருந்தேன். இப்ப உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவளுக்கு வாயிலதான் கம்பி, தலைய ஆட்டுவா. மாமா கையில அத வைக்கிறதுக்கு முன்னாடி, திரைய விலக்கி, அவள ஒரு தடவை கேளுங்க."