காத்து மிசினின் சுவிட்சு

பேச்சிமுத்து கங்காணியின் உதை விலாவில் விழுந்தபோது, சடையாண்டி மிசினை மடியில் குப்புறப் போட்டுக் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான். திருப்புளி வழுக்கி அவன் தொடையிலேயே ஏறியது. வேட்டியில் ரத்தம் ஊறுவதைப் பார்த்தபடியே ஆணியை முழுக்க முறுக்கி முடித்தான். அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்திருக்க அவனுக்கு மனசில்லை.

அது கையில் பிடித்து ஊதுகிற காத்து மிசின். மூடிப்போன ஒரு நூல் மில்லிலிருந்து திண்டுக்கல் புகையிலைக் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தது. வேடசந்தூர்ப் பக்கமிருந்து வரும் இலையைச் சிப்பம் கட்டுமுன் மண்ணை ஊதித் தள்ள அதுதான். பின்னால் காற்றை இழுக்கும் வாய்க்கு ஒரு கம்பிவலை இருந்தது. அது போய் வருசம் நாலாச்சு. சுவிட்சின் விசை உடைந்து அமுக்கினால் நிற்காமல் போனதும், கங்காணி சைக்கிள் டியூபைக் கிழித்து அதை அமுக்கிக் கட்டிவிட்டான். அதன்பிறகு பிளக்கைச் சொருகினால் ஓட்டம், பிடுங்கினால் நிறுத்தம். பிளக்கோ சிப்பங்களுக்குப் பின்னால் ஆள் எட்டாத உயரத்தில். யார் ஏறிப் பிடுங்குவார்கள்? கரண்டு போனால் மிசின் நிற்கும், வந்தால் தானாக ஓடும். அப்படியே பழகிவிட்டது.

எட்டு நாளைக்கு முன்னால் கரண்டு போன நேரத்தில், மிசின் வாயில் அடைத்த காம்பை எடுக்க ஒச்சாயி கையை விட்டாள். சடையாண்டியின் தங்கை அவள். கரண்டு வந்துவிட்டது. அறுந்த இரண்டு விரலையும் தேடி எடுத்தபோது அவற்றில் புகையிலைத் தூள் அப்பியிருந்தது.

வராமலிருந்தால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும் என்று, கட்டுப் போட்ட கையோடு இன்றைக்கு அதே மிசினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் சடையாண்டி நேரே பேகம்பூருக்குப் போனான். கரண்டு சாமான் கடைக்காரர் சேக் பரீது ஒரு கறுப்புச் சுவிட்சை எடுத்து வைத்தார்.

"இது செவுத்துல போடுறதுப்பா. மிசினுக்கு உண்டானது மதுரையிலதான் கெடைக்கும். ஓட்டையச் செத்த பெருசாக்கு, உக்காந்துக்கும்."

பத்து மணிக்குக் கரண்டு போனதும் பிரித்தான். மாட்டி முடிக்கும்போதுதான் உதை.

"ஏலே, யாரக் கேட்டு மிசினப் பிரிச்ச?"

"யாரையும் கேக்கல."

"கையக் கொண்டுபோய் விட்டவ ஒன் தங்கச்சி. மிசின் என்னலே செய்யும்?"

"மிசின் ஒண்ணும் செய்யல. டியூபக் கட்டுனவன் செஞ்சது."

கங்காணி மிசினைப் பிடுங்கி அவன் தலையில் இறக்கினான். காது கிழிந்து தொங்கியது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. அடித்த களைப்பில் மிசினைக் கீழே போட்டுவிட்டு, ஒச்சாயியைப் பார்த்துச் சிரித்தான்.

"எட்டு வெரலு இருக்குல்ல. இலை பிரிக்க அது போதும்."

அதுவரைக்கும் வாங்கிக்கொண்டிருந்த சடையாண்டி எழுந்து, நெற்றியால் அவன் மூக்கில் முட்டினான். எலும்பு நொறுங்கியது நெற்றியிலேயே தெரிந்தது. இருவரும் புகையிலைக் குவியலில் உருண்டார்கள். கங்காணி அவன் கிழிந்த காதைப் பிடித்து இழுத்தான். சடையாண்டி அவன் கையைக் கடித்தான். பல்லில் தசை பிய்ந்து வந்தது. கடைசியில் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, மிசினை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, அவன் கையை மிசினின் வாய்க்குள் திணித்தான்.

"இருடா, கரண்டு வரட்டும். டியூப் கட்டுனது நல்லாருக்கானு பாப்போம்."

"மாத்திட்டியா இல்லியாடா? சடையாண்டி, சுவிட்ச மாத்திட்டியா?"

சடையாண்டி அவன் கையை இன்னும் அழுத்தினான். சுவிட்சு மேலே இருக்கிறது. எந்த வீட்டுச் சுவரிலும் மேலே என்றால் அணைப்பு. கரண்டு வரும், ஒன்றும் நடக்காது, இவன் வேட்டியை நனைப்பான். அது போதும்.

அப்போதுதான் சுவிட்சின் முகத்தைப் பார்த்தான். அதில் பொறித்திருந்த எழுத்தைக் கடையில் விரலால் தடவிப் பார்த்திருந்தான். இங்கிலீசு தெரியாது என்றாலும் எது தலை, எது கால் என்று தெரியும். எழுத்து இப்போது தலைகீழாக நின்றது. மிசினை மடியில் குப்புறப் போட்டல்லவா மாட்டினான். நிமிர்த்தியதும் மேலே கீழாகிவிட்டது. அவன் அணைத்துவிட்டதாக நினைத்தது, போட்டு வைத்தது.

கங்காணியின் கையை வெளியே இழுத்தான். அவனோ இன்னும் உள்ளே தள்ளப்போகிறான் என்று பயந்து முஷ்டி பிடித்தான். முஷ்டி வாய்க்குள் மாட்டிக்கொண்டது.

"விரிடா. கைய விரி."

அவனுக்குக் காதில் ஏறவில்லை. மறு கையால் சடையாண்டியின் மணிக்கட்டை உடும்பாகப் பிடித்திருந்தான். சடையாண்டியின் இன்னொரு கை அவன் முதுகுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"ஒச்சாயி, சுவிட்சக் கீழ தள்ளு. தலைகீழா மாட்டிட்டேன். ஓடிரும்."

ஒச்சாயி வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையின் கட்டைவிரலைச் சுவிட்சின் மேல் வைத்தாள். தள்ளவில்லை. வாய்க்குள் இருந்த முஷ்டியையே பார்த்தாள்.

"தாயி," என்றான் கங்காணி. மூக்கு ரத்தம் அவன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"எட்டு வெரலு போதும்னீகளே."

"தாயி, ஒன் காலப் பிடிக்கிறேன் தாயி."

"தள்ளு பிள்ள," என்றான் சடையாண்டி.

அவள் மூச்சை ஒருதரம் இழுத்து விட்டாள். பிறகு தள்ளினாள். டக்கென்ற சத்தம் அடங்குமுன் உத்தரத்துக் குண்டு பல்பு எரிந்தது. மிசின் அசையவில்லை.

முஷ்டி தளர்ந்து கை வெளியே வந்தது. தோல் உரிந்திருந்தது, விரல் அஞ்சும் இருந்தது. கங்காணி ஈர வேட்டியோடு சுவரோரம் தவழ்ந்துபோய்ச் சாய்ந்தான்.

"அண்ணனும் தங்கச்சியும் இனிமே இந்த வாசல மிதிச்சுப் பாருங்கலே," என்று அங்கிருந்தே முனகினான்.

ஒச்சாயி சுவிட்சை மேலே தள்ளினாள். மிசின் அலறி, தூளைக் கிளப்பிவிட்டது. கீழே தள்ளினாள். நின்றது.

"நிக்குதுண்ணே."

"தலைகீழா நிக்குது," என்றான் சடையாண்டி. சிப்பங்களின் மேல் நொண்டியபடி ஏறிப் பிளக்கைப் பிடுங்கினான். இறங்கி வந்து, தொடையில் ஒழுகியதை வேட்டி முனையால் அழுத்திக்கொண்டு, திருப்புளியைத் தேடி எடுத்தான்.

"நேரா மாட்டிட்டு வாரேன். நாளைக்கு இங்க எவளோ ஒருத்தி உக்காருவா."

இந்தத் தடவை மிசினை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான்.