மூச்சுப் பயிற்சி

கூடத்துக் கயிற்றில் தொங்கிய காகித உருண்டைகளை அவன் இரண்டிரண்டாக அவிழ்த்து உள்ளறைக்குக் கொண்டுபோனான். பசை இன்னும் காயவில்லை. விரல் பட்ட இடத்தில் செய்தித்தாள் துண்டு வழுக்கியது. ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள், நாற்காலி போட இடம் வேண்டும். கட்டிலில் அப்பா கிடந்தார். காலை ஏழு மணிக்குப் போன உயிர்.

உருண்டைகள் எல்லாம் விளக்குக் கூடுகளாகப் போகிறவை. கடைக்காரர் கேட்டது முப்பத்தாறு. பலூனை ஊதி, மேலே ஆறு சுற்றுக் காகிதம் ஒட்டி, காய்ந்ததும் ஊசியால் குத்திப் பலூனை உருவிவிட வேண்டும். ஒட்டுவது அவனும் மனைவியும். ஊதியது அப்பா.

காற்றடிக்கிற பம்ப் உடைந்து இரண்டு வாரம். வாங்கலாம், வாங்கலாம் என்று நாளைக் கடத்தினான். வாங்குவதற்குப் பதிலாக, "சும்மாதானப்பா உட்கார்ந்திருக்கீங்க, இதை ஊதிக் குடுங்களேன்" என்றான். அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று குன்றிப் போயிருந்த மனிதர். அது தெரிந்துதான் கேட்டான், பாவி. நுரையீரல் நைந்துவிட்டது, மூச்சை இழுத்துப் பிடிக்கிற வேலை எதுவும் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நேற்றுச் சாயங்காலம் அப்பா ஒரு பலூனை நீட்டி, "போதுமாடா?" என்றார்.

"சின்னதா இருக்குப்பா. இன்னும் ரெண்டு ஊது ஊதுங்க."

ஊதினார்.

அக்கா மதியம் வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்து, அப்பாவின் தலையணையைச் சரிசெய்யப் போனவள் அதன் அடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள்.

"என்னடா இது? அப்பா தலைமாட்டுல பலூன்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "மூச்சுப் பயிற்சி அண்ணி. டாக்டர் சொன்னது. தினமும் ஊதுவாரு."

மனைவியின் கண் அவனை எச்சரித்தது. அவனும் வாயை மூடிக்கொண்டான்.

அக்கா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட இருந்திருந்தா ஆறு மாசம் தாங்கியிருக்க மாட்டாருடா. குழந்தை மாதிரி பார்த்திருக்கீங்க." அவனுக்குக் கூசியது. கூடவே, சீ, ஒரு நிம்மதியும் வந்தது. போனவர் திரும்பியா வரப் போகிறார்? இவளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அக்கா அதோடு விட்டாளா? அவன் கையை விடாமலே வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கடைசி நாள்வரைக்கும் ஊதினாராம், தம்பி பக்கத்திலேயே இருந்து ஊத வைத்தானாம். நாலு மணிக்குள் தெரு முழுக்க அவன் உத்தமப் பிள்ளையாகிவிட்டான்.

எதிர்வீட்டுத் தையற்கார அம்மா வந்து, அப்பாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனிடம் குனிந்தாள்.

"தம்பி, கேக்குற நேரம் இல்லதான். எங்க வீட்டுக்காரருக்கும் இதே சீக்கு. நாலு படி ஏறினா உக்காந்துடுறாரு. டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை ஊதச் சொன்னாரு?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"மிச்சப் பலூன் இருந்தா குடுங்களேன். இன்னிக்கே ஆரம்பிச்சிடுறேன்."

"இருக்கு, தரேன்" என்று மனைவி எழுந்தாள். அவளுக்கும் வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

திறந்திருந்த வாசல் வழியே எதிர்வீடு தெரிந்தது. தையல் மெஷின் பக்கத்தில் அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இந்த வீட்டுக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா" என்றான்.

"என்ன தம்பி?"

"பலூன் வேணாம். டாக்டர் அப்படிச் சொல்லல. ஊதவே கூடாதுன்னுதான் சொன்னாரு. நாந்தான் ஊத வெச்சேன். எங்க வேலைக்கு."

பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மனைவி பாக்கெட்டும் கையுமாக அப்படியே நின்றாள். தையற்கார அம்மா தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா அவன் கையை விட்டாள். நெற்றியில் விழாத முடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு அவனைப் பிடித்திருந்த தன் கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.