சுவரில் ஏறிய கரும்பு

சாரத்தின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்வராயன் மலைக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தான் பிச்சைமுத்து. கச்சிராயபாளையத்தில் தனசேகரன் கட்டிய புதுவீட்டுக் கூடத்தில் பத்தடிச் சுவர். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். அதற்குள் தன் நிலம் முழுவதும் சுவரில் ஏறிவிட வேண்டும் என்றிருந்தார் அவர். வருகிறவர்கள் காலில் சேறு படாமல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமாம். மனிதருக்கு அப்படி ஒரு பெருமை.

தூரத்தில் இருப்பதை முதலில் தீட்டிக் கிட்டே வருவதுதான் பெயிண்ட் வேலை. வானம், மலை, அது காய்ந்ததும் வாய்க்கால், நெல், கரும்பு. கடைசியில்தான் மாடும் ஆளும். அவசரப்பட்டால் அடியில் உள்ள நிறம் கலங்கி மேலே வந்துவிடும்.

ஆனால் பிச்சைமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்க்கால் ஓரம் சாக்பீஸால் ஒரு கூரைவீடு வரைந்திருந்தான். அது அவன் வீடு. அவன் அப்பன் பண்ணையாளாக இருந்தபோது தனசேகரனின் அப்பா கைகாட்டிய இடம், பட்டா கிடையாது. அந்த இடத்தையும் சேர்த்துக் கரும்பு போடப் போவதாகத் தையிலிருந்து ஊரில் பேச்சு. கேட்டால் தனசேகரன் பார்த்துக்கொள்ளலாம் என்பதோடு சரி. வாயால் கேட்டு அலுத்தவன் சுவரில் கேட்டான். முதல் நாள் கோடுகளைப் பார்த்த தனசேகரன் தலையாட்டிவிட்டுப் போனார். வேண்டாம் என்றால் அப்போதே அழிக்கச் சொல்லியிருக்க மாட்டாரா?

சாயங்காலமே மனைவி தைலம்மாளிடம் சொன்னான்.

"தலையாட்டுனாரா, வாயத் தொறந்து சொன்னாரா?" என்று கேட்டாள் அவள்.

"பாத்துட்டுத்தான் ஆட்டுனாரு. எனக்குத் தெரியாதா?"

மறுநாளே அவள் காய்ந்த கரும்புத் தோகையைச் சுமந்து வந்து ஒழுகிய கூரையை வேய ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்தவன் மலை காயும்வரை வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தான். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் ரேகை பதிந்து, ஒரு சரிவை மறுபடி தீட்ட வேண்டியதாயிற்று. புதன்கிழமை சுவரில் இருந்த வீட்டுக்கு மண்நிறம் ஏற்றி, வாசலில் தைலம்மாளையும் வரைந்து நிறுத்தினான்.

வியாழக்கிழமை மத்தியானம் தனசேகரன் வந்தார். தள்ளி நின்று பார்த்து, மலை அசல் மலையாகவே இருக்கிறது என்றார். பிறகு வாய்க்கால் ஓரம் விரலை நீட்டினார்.

"அங்க கரும்பு போட்டுடு."

"அது எங்க வூடுங்க ஐயா. மொத நாளே பாத்தீங்களே."

"கோடா இருந்துச்சி, மாட்டுக் கொட்டான்னு நெனச்சேன். சித்திர வந்தா அங்க கரும்புதான். அப்ப இன்னா இருக்குமோ அதப் போடு."

பிச்சைமுத்து என்னென்னவோ கேட்க நினைத்தான். கை பச்சையைக் குழைத்துக்கொண்டிருந்தது. கரும்பை அடியிலிருந்து மேலே இழுக்க வேண்டும். வாசற்படி போயிற்று. தைலம்மாளின் கால் போயிற்று, இடுப்பு போயிற்று. முகத்துக்கு வந்தபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தோகையை இழுத்தான். கூரை கடைசியாகப் போயிற்று.

தனசேகரனுக்குப் பரம திருப்தி. நாளைக்கு வருகிறவர்களில் நாலு பேராவது இவனுக்கு வேலை கொடுப்பார்கள் என்றார்.

"கீழ ஓரமா உன் பேரும் வெலாசமும் எழுதிக்க. தேடிக்கினு வரணும் இல்ல."

மெல்லிய பிரஷைக் கறுப்பில் நனைத்து மண்டியிட்டான். பிச்சைமுத்து என்று எழுதினான். கமா போட்டான். மறுபடி நனைத்த பிரஷ் சுவரைத் தொடாமல் நின்றது. நுனியில் திரண்ட பெயிண்ட் தரையில் சொட்டியது.

புதுத் தரை, முதலில் அதைத் துடை என்றார் தனசேகரன்.