மூன்று கட்டை உயரம்

நான்கு நாள் வராமல் இருந்த இஸ்திரி அக்கா அன்று காலை ஆறரைக்கு ஜிம் படியிறங்கி வந்தபோது, மாஸ்டர் ரப்பர் பாயைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த அக்கா லீவு போடுகிற ஆளே இல்லை. காய்ச்சலோடு வந்து, திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனவள். மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக, எங்களையெல்லாம் மறந்தாச்சா என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

மருந்துக்கடைக்குக் கீழே இருந்த நிலவறை அது. காலை ஆறு முதல் எட்டு வரை பெண்கள் நேரம். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் யாருடைய பெயரும் இருக்காது. டீச்சர், பேங்க் மேடம், பல் டாக்டர் என்று வேலையைத்தான் எழுதியிருப்பார். பக்கத்தில் அவரவர் தூக்கிய அதிகபட்ச எடை. தன் உடம்பின் எடையைத் தூக்கிவிட்டவள், மாஸ்டர் பழைய இரும்புக் கடையில் பிடித்த பள்ளிக்கூட மணியைப் போய் அடிக்க வேண்டும். மற்றவர்கள் செய்வதைப் போட்டுவிட்டுக் கை தட்டுவார்கள். பலகையில் இப்போது எல்லோருக்கும் மேலே இருந்தது 'இஸ்திரி அக்கா – 60'.

எட்டு மாதத்துக்கு முன்னால் சேர்ந்தவள். சலவைக் கடையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்க நின்று தேய்க்கிற வேலை. சேர்க்கைப் படிவத்தில் 'நோக்கம்' என்று ஒரு வரி உண்டு. எடை குறைக்க, முட்டி வலிக்கு என்றுதான் எழுதுவார்கள். இவள் 'வீட்டுக்காரரைத் தூக்க' என்று எழுதியிருந்தாள். மாஸ்டர் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துத் தொலைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, புருஷன் கிடங்கில் மூட்டை தூக்கியவர், அடுக்கின் மேலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறார் என்று. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, காலையும் மாலையும் கொழுந்தன் வந்துதான் தூக்கிவிட வேண்டும். வருவார், ஆனால் வந்ததைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போவார்.

"சொல்லிக் காட்டாத கை ஒண்ணு வேணும் மாஸ்டர். அது என் கையாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அன்றைக்கு. ஆறு மாசத்துல தூக்க வைக்கிறேன்க்கா, என் பொறுப்பு என்று மாஸ்டர் வாய் கூசாமல் வாக்குக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் எல்லாம் முறையாகத்தான் நடந்தது. கம்பியைத் தரையிலிருந்து தூக்க அவளுக்கு இடுப்பு வளையவில்லை. அதனால் இரண்டு பக்கமும் மும்மூன்று மரக்கட்டைகளை அடுக்கி, கம்பியை முட்டி உயரத்துக்கு ஏற்றி வைத்தார். அதில் தப்பே இல்லை. முட்டி உயரத்தில் பழகி, சில வாரத்துக்கு ஒரு கட்டையாக உருவி, கடைசியில் தரைக்கு இறக்க வேண்டும். எந்த வளைவில் வேலை வாங்குகிறோமோ அந்த வளைவில்தான் தசைக்குப் பலம் ஏறும்; முட்டிக்கு மேலே சம்பாதித்தது முட்டிக்குக் கீழே அவ்வளவாகச் செல்லாது. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாஸ்டர் சொல்வார். மூன்றாம் மாதம் ஒரு கட்டையை உருவவும் செய்தார். அன்றைக்கு நாற்பது கிலோ அசைந்துகூடக் கொடுக்கவில்லை. வரிசையாக நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் தொங்கிப் போனது. எடையைப் பாதியாகக் குறைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய வாய், "தூக்கம் சரியில்ல போலிருக்குக்கா" என்றது. கை தானாகக் கட்டையைத் திரும்ப வைத்தது. உடனே ஐம்பதைத் தூக்கினாள். அந்தக் கைதட்டல் இருக்கிறதே, அது மாஸ்டரைக் கெடுத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் கட்டைப் பக்கமே போகவில்லை. போன மாதம் அறுபது. மணியடித்த அக்காவின் படம் படிக்கட்டுச் சுவரில் பெரிதாக ஏறியது. அதைப் பார்த்துப் புதிதாகப் பதினோரு பேர் சேர்ந்தார்கள்.

இப்போது அக்கா பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். புருஷன் ஐம்பத்தெட்டு கிலோ. பலகையில் அறுபது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? ஒன்றாம் தேதியிலிருந்து இனிமேல் வர வேண்டாம் என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டாள், கொஞ்சம் பெருமையாகவே. மூன்று நாள் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் எப்படியோ சமாளித்தாள். இரண்டும் ஒரே உயரம், இழுத்து நகர்த்தினால் போதும். நான்காம் நாள் காலை அவர் குளியலறையில் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்துவிட்டார். இவள் ஜிம்மில் சொல்லித் தந்த மாதிரியே காலை அகட்டி, முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினாள். நாலு தடவை. தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. ஈரத் தரையில் அவர் தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டு, கொழுந்தனுக்கே போன் செய்தாள். வந்து சேர முக்கால் மணி நேரம். தூக்கிப் படுக்க வைத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, "அறுபது தூக்குறேன்னு சொன்னீங்களே அண்ணி" என்றாராம்.

"நான்தான் ஏதோ பிடி தப்பாப் பிடிச்சிருக்கேன், இல்ல மாஸ்டர்?"

தன்னைத் திட்டுவாள் என்றுதான் மாஸ்டர் நினைத்திருந்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "ஈரத் தரைக்கா. மனுஷ உடம்பு கம்பி மாதிரி பிடிக்கு வாட்டமா இருக்காது" என்றார். அதிலும் பாதி உண்மை இருந்தது, அதுதான் கொடுமை. சாயங்காலம் வீட்டுக்கே வந்து பிடியைச் சொல்லித் தருவதாகவும் சொல்லிவைத்தார். அவள் போன பிறகு, தன் முகத்தில் தானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஒரு அறையும் சின்ன அடுக்களையுமாக இருந்தது அக்காவின் வீடு. கட்டில், நாற்காலி, சுவரோரம் மடித்து அடுக்கிய விரிப்புகள். அக்கா டீ போட உள்ளே போனதும், புருஷன் தலையணையிலிருந்து கொஞ்சம் எம்பி மாஸ்டரைப் பார்த்தார். கை இரண்டும் இன்னும் உலக்கை மாதிரி இருந்தன.

"ஒண்ணு கேக்கட்டா மாஸ்டர்? அந்தக் கம்பி எங்கேருந்து கிளம்புது?"

மாஸ்டர் தன் முட்டியைத் தொட்டுக் காட்டினார்.

"நினைச்சேன்." அவர் குரலை இறக்கினார். "முட்டி வரைக்கும் ஏத்திவிட ஆள் இருந்தா, மூட்டையில அப்பல்லாம் நான் ரெண்டு ஆள் வேலை பார்ப்பேன். கனமெல்லாம் தரைக்கும் முட்டிக்கும் நடுவுலதான் இருக்கு."

மாஸ்டருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. தப்புதான் என்று முனகினார். உள்ளே டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு மறுபடியும் தூக்கப் பார்க்குறேன்னு சொல்லிட்டிருக்கா. உண்மையைச் சொன்னா அவ மனசு ஒடியும். சொல்லலன்னா முதுகு ஒடியும். எதுன்னு நீங்களே பார்த்துக்குங்க" என்றார் அவர். சண்டைக்காரன் குரலில் சொல்லியிருந்தால் பதில் சொல்லலாம். இவரோ பக்கத்தில் உட்காரச் சொல்லி, மின்விசிறியை மாஸ்டர் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அக்கா டீயோடு வந்து, எங்கே பிடிக்கணும் காட்டுங்க என்றாள். மாஸ்டர் தேள் கொட்டிய திருடன் மாதிரி விழித்தார். நாளைக்கு ஜிம்முல வச்சே காட்டுறேன், அதுவரைக்கும் தூக்காதீங்க, என் மேல ஆணை என்று மட்டும் சொன்னார். டீ நாக்கைச் சுட்டது. அப்படியே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். வழக்கம்போலக் கட்டைகளைத் தூக்கி வந்து இரண்டு பக்கமும் மும்மூன்றாக அடுக்க ஆரம்பித்தாள். டீச்சரும் பல் டாக்டரும் அப்போதுதான் கை காலை உதறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று மாஸ்டருக்கு ஒரு சபலம் வந்தது. மணி அடித்தது மட்டும் எல்லோர் முன்னாலும்தானே?

"கட்டையை எடுத்துடுங்கக்கா" என்றார். கம்பியைத் தரையில் வைத்து, எல்லாம் சேர்த்து முப்பது வருகிற மாதிரித் தட்டுகளை மாட்டினார்.

"இது சும்மா உடம்பு சூடாகவா?"

"இல்லக்கா. இன்னைக்கு உங்களோடது இவ்வளவுதான். அந்த அறுபது கட்டை உயரத்துல வந்தது. தரைக்கு அது செல்லாது. எனக்கு அப்பவே தெரியும்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் மணி அடிச்சப்பவா?"

"அப்பவும் தெரியும்."

டீச்சர் கையை உதறுவதை நிறுத்திவிட்டாள். மேலே மருந்துக்கடை ஷட்டரைத் திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா கத்தவில்லை.

"எங்க வீட்டுக்காரரு தண்ணியில கிடந்தாரு மாஸ்டர்."

அவ்வளவுதான் சொன்னாள். மாஸ்டருக்குத் தலை நிமிரவில்லை. நாற்பத்திரண்டு வயதில், தான் வளர்த்த உடம்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் பலகைப் பக்கம் போய், கழுத்துத் துண்டின் முனையால் அறுபதைத் துடைத்தாள். சரியாக அழியவில்லை. எச்சில் தொட்டு இன்னொரு முறை துடைத்தாள். திரும்பி வந்து, கம்பிக்கு முன்னால் காலை அகட்டி நின்று குனிந்தாள்.

முதல் தடவை மெதுவாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் கால் உதறல் எடுத்தது, ஆனாலும் இடுப்பு வரை நிமிர்ந்துவிட்டாள். இது போதும் என்று மாஸ்டர் சொல்வதற்குள் நாலாவதுக்குக் குனிந்துவிட்டாள். கம்பி தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பி, அங்கேயே நின்றது. மாஸ்டரின் கைகள் பழக்கதோஷத்தில் கம்பிக்குக் கீழே போயின.

"தொடாதீங்க."

அவர் கைகளை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். முதுகு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. கம்பி மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் அந்த நாலு விரற்கடையில் நடுங்கிக்கொண்டிருந்தது.