இன்னொருக்காத் தள்ளுங்கோ

“இன்னொருக்காத் தள்ளுங்கோ அப்பா.”

கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் அப்பா முழங்காலூன்றி, இரண்டு கைகளாலும் ரோபோவைப் பக்கவாட்டில் தள்ளினார். அது சறுக்கிப் போய் நின்றது.

“நிண்டிட்டுதுதானே?”

“நிண்டது காணாது. சறுக்கவே கூடாது.”

செலீனின் பல்கலைக்கழக அணி போட்டிக்காகச் செய்த ரோபோ அது. அதற்கு இரண்டு வகைச் சக்கரங்கள்: எந்தப் பக்கமும் வழுக்கி ஓட உருளை பதித்த சில்லுகள். எதிராளி இடித்தால் அசையாமல் நிற்க ரப்பர் சில்லுகள். சுவிட்சைத் தட்டியதும் காற்றழுத்தத்தில் ரப்பர் சில்லுகள் கீழிறங்கித் தரையைப் பிடிக்க வேண்டும். அவை இறங்கத்தான் சுணங்கின. எதிராளியாக நின்று தள்ள வேண்டியவன், அணியில் அவளோடு இருந்த ஷிப்லி. காலையில் கொழும்பில் குண்டு வெடித்ததால் வெள்ளவத்தையிலிருந்து பஸ் இல்லை, அவன் வரவில்லை. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பா, லீவு நாள்தானே என்று சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

செலீன் காற்றுக் குழாயை மாற்றிப் பூட்டினாள். அப்பாவின் பெனியன் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“கொஞ்சம் இருந்திட்டுத் தள்ளட்டே பிள்ளை?”

“இது கடைசி அப்பா. பலமாத் தள்ளுங்கோ.”

தள்ளினார். ரப்பர் சில்லுகள் சட்டென்று தரையைக் கவ்விக்கொண்டன. தோளைக் கொடுத்து முட்டியும் அசையவில்லை.

“இனி இதை ஒருத்தரும் அசைக்கேலாது,” என்று சிரித்தபடி சுவரில் சாய்ந்தார்.

செலீன் ஷிப்லிக்குப் போன் எடுத்தாள். யன்னலடியில் நின்று, குழாயை மாற்றிய விதத்தை விளக்கி விளக்கிக் கதைத்தாள். திரும்பியபோது அப்பாவின் தலை தோளில் சரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, வரும்போதே உயிர் இல்லை என்றார் டொக்டர்.

மறுநாள் சவப்பெட்டி வைக்க முன்னறையை ஒதுக்கினார்கள். ரோபோவைப் பின்பக்கம் தூக்கிப்போன ஷிப்லி, “நான் நேற்று நடந்தாவது வந்திருக்க வேணும்,” என்றான். செலீன் உள்ளே போனாள்.

குசினியில் அம்மா தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“காலமையே நெஞ்சு இறுக்குது எண்டவர். டொக்டரிட்டப் போவம் எண்டன். பிள்ளைக்கு இண்டைக்குத் தள்ள ஆள் இல்லை, நாளைக்குப் பாப்பம் எண்டார்.” கரண்டி நின்றது. “உன்னட்டச் சொல்லவேண்டாம் எண்டவர். நானும் விட்டிட்டன்.”

செலீன் வாயைத் திறந்தாள். அதற்குள் செபமாலை தொடங்கப்போகிறார்கள் என்று முன்னறையிலிருந்து மாமி கூப்பிட்டாள்.

இருவரும் போய்ப் பாயில் அருகருகே இருந்தார்கள். எல்லோரும் செபத்துக்கு மறுமொழி சொன்னார்கள். செலீனுக்குக் குரல் வரவில்லை. அம்மா அவள் பக்கம் திரும்பாமலே, அவளுக்கும் சேர்த்துத் தன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள்.